நான் எழுதி ஒட்டிய நோன்பு நேரசூசி

மாமா, இதை ஒருவருக்கும் காட்டிவிடாதீர்கள். நீங்கள் காட்டமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் எழுதுவது விஞ்ஞானக் கொப்பியின் கடைசித் தாள்களில். வேறு யாராவது அதைத் திறந்து இந்த வரி வரைக்கும் வந்திருந்தால், அல்லாஹ்வுக்காகக் கேட்கிறேன், இதோடு மூடி வைத்துவிடுங்கள். உம்மாவிடம் கொடுக்க வேண்டாம். பெரியும்மாவின் கண்ணில் படவே வேண்டாம்.

பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. போர்வைக்குள் போன் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். படுத்துத்தான் இருந்தேன் மாமா. நோவெண்ணெய் மணம் வந்தது. உங்கள் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகவில்லை என்று உங்களுக்குத் தெரியும்தானே. மேலே ஒரு முழம் திறந்தே கிடக்கிறது. அந்த வழியால்தான் ஒவ்வொரு இரவும் உங்கள் நோவெண்ணெய் மணமும் குறட்டையும் என்னிடம் வரும். நீங்கள் மௌத்தாகி மண்ணுக்குள் போய் இன்றைக்கு இருபத்துமூன்று நாள். அந்த மணம் இப்போது மறுபடி வருகிறது. மணத்துக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. உங்கள் கட்டில். பிறகு ஓர் இருமல்.

அது பெரியும்மா, உங்களுக்கும் உம்மாவுக்கும் மூத்த ராத்தா. உங்கள் நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடியும் வரை நிற்பதற்காகப் புத்தளத்திலிருந்து வந்திருக்கிறார். உங்கள் அறையில்தான் படுக்கிறார், உங்கள் போத்தலில் இருந்துதான் எண்ணெய் எடுத்து முழங்காலுக்குத் தேய்க்கிறார். எல்லாம் தெரியும். தெரிந்தும் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டேன்.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் ஸ்கொலர்ஷிப் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். மாமி இறந்த பிறகு புத்தளத்து வீட்டில் நீங்கள் தனி. ஒரு பையும் ஊன்றுகோலுமாக வந்து இறங்கி, "வாப்பா கட்டாரில. வீட்டில ஆம்பிளை இல்லை. நான் காவலுக்கு வந்தனான்" என்றீர்கள். உம்மா வாசலில் நின்று சிரித்தார். "வாங்கோ காக்கா, வாங்கோ. காவல்காரரைத் தூக்கி நிமித்தவே ரெண்டு பேர் வேணும்." நீங்களும் சிரித்தீர்கள். சிரிக்கும்போதும் ஒரு கை இடுப்பைப் பிடித்துக்கொண்டே இருந்தது.

அந்த இடுப்பின் கதையை நான் ஆயிரம் தரம் கேட்டிருப்பேன். சிலாவத்துறைக் கடலில் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு சங்குக்கு இறங்கிய காலம். ஒரு நாளைக்கு நாலு தரம், ஐந்து தரம். காற்று முடியுமுன் மேலே வரவேண்டும் என்ற அவசரம். அந்த அவசரம் இடுப்பு எலும்பின் தலையைச் சாகடித்துவிட்டது என்று டொக்டர் சொன்னாராம். "எலும்புக்குள்ள காத்துக் குமிழி போய்க் குடியிருக்குது புள்ள. எழும்பிப் போ எண்டாலும் போறானில்லை" என்று சொல்வீர்கள். இன்னொன்றும் சொல்வீர்கள்: "கீழ கனநேரம் நிக்கிறது பிழையில்லை. கெதியா மேல வாறதுதான் பிழை."

கிளினிக்கில் அந்தப் பச்சையும் மஞ்சளுமான கூட்டுக் குளிசையை, நோவு மாத்திரையை, தந்தது இரண்டு வருடங்களுக்கு முன்பு. ட்ரமடோல் என்று கடதாசி உறையில் எழுதியிருந்தது. காலை ஒன்று, மதியம் ஒன்று, இரவு ஒன்று. அதைப் போட்ட முதல் இரவு நீங்கள் சத்தமில்லாமல் நித்திரை கொண்டீர்கள். உம்மா பயந்துபோய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார். அதன் பிறகு அந்தக் குளிசைக்கு வாந்தி வருகிறது என்று ஒரு வாந்திக் குளிசை. கால் வீங்குகிறது என்று சிறுநீர் கூடப் போக வைக்கும் சலக் குளிசை ஒன்று. உறைகளில் எல்லாமே இங்கிலீசு. வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மாதத்துக்கு ஒருமுறை நீங்கள் கிளினிக் கொப்பியையும் உறைகளையும் மேசையில் பரப்பி வைத்து, "டொக்டரம்மா, நோயாளி வந்திருக்கிறான்" என்று கூப்பிடுவீர்கள். எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்று உங்களிடம் நான் சொன்னதே இல்லை.

நோன்புக்கு ஒரு மாதம் இருக்கும்போது கிளினிக்கில் உங்களுக்கு ஈ.சீ.ஜீ. எடுத்தார்கள். அந்த நீளக் கடதாசியைக் கொப்பிக்குள் மடித்து வைத்து, பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்கள். நான் வாசித்துச் சொன்னேன்: இரத்தம் சோதித்து, இரண்டு கிழமையில் மறுபடி ஈ.சீ.ஜீ. எடுக்க வேண்டும். நீங்கள் ஊன்றுகோலால் தரையில் ஒரு தட்டுத் தட்டினீர்கள். "நோன்பு முடியட்டும் புள்ள. பிறகு எல்லாத்தையும் எடுப்பம்." சரி என்றேன். உம்மாவிடம் சொல்லவில்லை. அது என் முதல் பிழை. அப்போது அது பிழை என்று தெரியவில்லை.

மௌலவி வீட்டுக்கே வந்து சொன்னார், நினைவிருக்கிறதா? "காக்கா, உங்களுக்கு நோன்பு கடமையில்லை. நாளுக்கு ஒரு ஏழைக்குச் சாப்பாடு குடுத்தாப் போதும். அல்லாஹ் தந்த சலுகையை நீங்க ஏன் தள்ளுறீங்க?"

"மௌலவி, சிலிண்டர்ல காத்து முடிஞ்சு ரெண்டு நிமிசம் மூச்சில்லாமத் தண்ணிக்குள்ள கிடந்தவன் நான். பதிமூணு மணித்தியாலம் கிடக்க ஏலாதா?"

"அது தண்ணிக்குள்ள, காக்கா. இது தண்ணியில்லாம."

எல்லோரும் சிரித்தார்கள். மௌலவி சிரிக்கவில்லை. போகும்போது வாசலில் நின்று உம்மாவிடம், "டொக்டரிட்ட ஒருக்காக் கேளுங்கோ, தங்கச்சி" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். உம்மா அதை என்னிடம் சொன்னார். நான் கேட்கிறேன் என்றேன். கேட்கவில்லை மாமா. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

அன்றிரவு கோடு போட அடிமட்டமும் சிவப்புப் பேனையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சோதனைக்குப் படிப்பதற்கு நேரசூசி போடுவது போல. வழக்கமாகக் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம். நோன்பில் மதியம் என்று ஒன்று கிடையாது. அந்தக் குளிசையை எங்கே வைப்பது? இரவுக் குளிசையோடு சேர்த்தேன். நோன்பு திறந்ததும் நோவுக் குளிசை இரண்டு, வாந்திக் குளிசை இரண்டு. விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு நோவுக் குளிசை ஒன்று, வாந்திக் குளிசை ஒன்று, சலக் குளிசை ஒன்று. கூட்டிப் பார்த்தேன். நாளுக்கு மூன்று. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மேலே ஒரு பிறையும் வரைந்தேன். உங்கள் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டிவிட்டேன். நீங்கள் கண்ணாடியைப் போட்டு, எழுத்தெழுத்தாக வாசித்து, "அரசாங்கக் கந்தோரில நோட்டீஸ் ஒட்டுறது மாதிரி ஒட்டியிருக்கிறா பார்" என்று உம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள்.

முதல் பத்து நோன்பும் நன்றாகத்தான் போயின. கஞ்சிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாங்குக்குக் காத்திருப்பீர்கள். அதன் பிறகு பின்னேரம் அஸருக்கே முகம் கறுக்கத் தொடங்கியது. காலையில் போட்ட ஒன்று மாலை வரை தாங்கவில்லை. நோன்பு திறந்ததும் குளிசைகளைக் கையில் வைத்தால், ஈச்சம்பழத்துக்கு முன் அவற்றைப் பார்ப்பீர்கள். இரண்டையும் போட்டு அரை மணித்தியாலத்தில் கண் சொருகும். பிறகு வாந்தி. குடித்த கஞ்சி, தண்ணீர் எல்லாம் வெளியே வந்துவிடும். வாந்திக் குளிசை இன்னும் ஒன்று தா என்பீர்கள். நான் தந்தேன்.

பதினைந்தாம் நோன்பு அன்று, அஸர் தொழுகைக்கு உளூச் செய்ய, கைகால் கழுவப் போன நீங்கள் குழாயடியில் சரிந்து கிடந்தீர்கள். உம்மா கடைக்குப் போயிருந்தார். நான் ஓடி வந்து உங்கள் கையைப் பிடித்தேன். நாடி பார்க்க எனக்குப் பள்ளிக்கூடத்தில் முதலுதவி வகுப்பில் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கு வரவில்லை. நான் காத்திருந்தேன். குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு நான்கு, ஐந்து, ஆறு, ஏழு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துகொண்டு வந்தன. நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள்.

"மேல வந்திட்டன்" என்றீர்கள்.

"மாமா, உங்கட நெஞ்சு விட்டு விட்டு அடிக்குது."

"ஓம். கொஞ்ச நாளா நெஞ்சுக்குள்ள ஆரோ நடக்கிறான் புள்ள. நடக்கிறான், நிக்கிறான். பிறகு பிந்திப்போனவன் மாதிரி ஓடுறான்." சொல்லிவிட்டுச் சுற்றிப் பார்த்தீர்கள், யாரோ கேட்கக்கூடும் என்பது போல. "உம்மாட்டச் சொல்லிப்போடாத. அறிஞ்சா நோன்பை விடச் சொல்லுவா. இன்னும் பதினைஞ்சு நாள்தானே."

நான் சொல்லவில்லை. இரண்டு இரவு சுவரோரம் காதை வைத்துக்கொண்டு படுத்தேன். குறட்டை வரும். நிற்கும். நான் எண்ணுவேன். என் ஜன்னலால் பார்த்தால் தூரத்தில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் தெரியும். எல்லாம் ஒன்றாகப் பற்றும், ஒன்றாக அணையும். அவற்றை வைத்துத்தான் எண்ணினேன். ஒரு தரம் விளக்குகள் பதினொரு முறை பற்றி அணைந்த பிறகுதான் உங்கள் மூச்சு திரும்பியது. அந்தப் பதினொரு முறையும் இந்த வீட்டில் வேறு யாரோ விழித்திருப்பது போல இருந்தது. உங்கள் நெஞ்சுக்குள் நடக்கிறவன் இறங்கி வந்து சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, என்னைப் போலவே எண்ணுகிறான் என்று நினைத்தேன். விடிந்ததும் உம்மாவிடம் சொல்லிவிடுவேன் என்று இரண்டு இரவும் முடிவெடுத்தேன். விடிந்ததும் வெயில் வந்தது, கழுதைகள் குப்பையைக் கிளறின, பள்ளிக்கூடத்துக்கு நேரமானது. பகலில் பயம் இருக்கவில்லை.

பதினெட்டாம் நோன்பின் சஹர். உம்மா சோறு போட்டார். நீங்கள் இரண்டு வாய் சாப்பிட்டீர்கள். நான்தான் மூன்று குளிசைகளையும் உங்கள் உள்ளங்கையில் வைத்தேன். நோன்புக்கு நிய்யத் ஓதிவிட்டு, சுபஹுத் தொழுகை வரைக்கும் கொஞ்சம் சரிகிறேன் என்று போய்ப் படுத்தீர்கள். பாங்கு சொல்லத் தொடங்கியது. அது முடிவதற்குள் உங்கள் அறையிலிருந்து ஒரு சத்தம். நீண்ட நேரம் தண்ணீருக்குள் இருந்தவர் மேலே வந்து இழுப்பாரே, அப்படி ஒரு மூச்சு. ஒன்றுதான். நான் போய் உங்கள் கையைப் பிடித்தேன். விரலுக்கடியில் ஏதோ நடுங்கியது. அது உங்கள் நாடியா என் விரலா என்று இப்போதும் தெரியாது. பிறகு நடுக்கமும் இல்லை. ஆட்டோவில் போகும்போதே உம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மாரடைப்பாக இருக்கலாம் என்றார்கள். என்ன குளிசை போட்டவர் என்று கேட்டார்கள். நான் பெயர்களைச் சொன்னேன். எப்படிப் போட்டவர் என்று யாரும் கேட்கவில்லை.

நண்பகல் லுஹருக்குமுன் அடக்கம் செய்துவிட்டார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "நோன்போட போனவர். குடுத்துவைச்ச மௌத்து." உம்மாவுக்கு அது ஆறுதலாக இருந்தது. ஒருத்தி என் தலையைத் தடவி, "மாமாக்கு மருந்து குடுத்த கை. உனக்குப் பெரிய நன்மை, மகள்" என்றாள். நான் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

உங்கள் குளிசை உறைகளை நான்தான் எடுத்து வைத்தேன். அப்போது எண்ணிப் பார்த்தேன். நோவுக் குளிசை இருக்க வேண்டியதைவிடப் பன்னிரண்டு குறைவாக இருந்தது. என் நேரசூசிக்கும் மேலாக, நோவு தாங்காமல், எனக்குத் தெரியாமல் நீங்களே போட்டிருக்கிறீர்கள். அதைத் தெரிந்துகொண்டபோது முதலில், பிழை என்னுடையது மட்டுமில்லை என்று மூச்சு வந்தது. பிறகு அழுகை வந்தது. அந்த மாலை நேரங்களில் உங்களுக்கு எவ்வளவு நொந்திருக்கும்.

பெருநாள் முடிந்த பிறகு, மன்னாரில் ரியூசன் வகுப்பு விட்டதும் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். உங்கள் கிளினிக் கொப்பியைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்கும் சாட்டு. அங்கே இருந்தது ஓர் இளம் டொக்டர், பெண். சிங்களவர், தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசினார். கொப்பி தேவையில்லை என்றார். நான் போகாமல் நின்றேன். பாடத்துக்காக ஒரு கேள்வி என்றேன்.

அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன் மாமா. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் அடுத்த துடிப்புக்குத் தன்னை ஆயத்தம் செய்கிறது. அதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும். இந்த வகை நோவுக் குளிசைகள் சில வயதானவர்களுக்கு அந்த நேரத்தை நீட்டிவிடும். அந்த வாந்திக் குளிசையும் நீட்டும். சலக் குளிசையாலும் வாந்தியாலும் இரத்தத்தில் உப்புகள் குறைந்தால் இன்னும் ஆபத்து. ஆயத்தமாகுமுன் அடுத்த துடிப்பு வந்துவிட்டால், தாளம் குழம்பி இதயம் வெறுமனே நடுங்கும். ஆள் மயங்கி விழுவார்.

"பிறகு எழும்புவாரா?" என்று கேட்டேன்.

"சில நேரம் எழும்புவாங்க. அதை நம்ம ஆக்கள் வெறும் மயக்கம்னு விடுவாங்க."

"டொக்டர், மூண்டு நேரக் குளிசையை ரெண்டு நேரமாக்கினா?"

அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வயசானவங்களுக்குச் சிறுநீரகம் மெதுவா வேலை செய்யும். மருந்து கனநேரம் உடம்புல நிக்கும். அதனாலதான் பிரிச்சுக் குடுக்கிறோம். யாருக்கு இது?"

"பாடத்துக்கு."

"பாடத்துக்கு வாறவங்க இறந்தவரோட கொப்பியைப் பத்திக் கேக்க மாட்டாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "போனவருக்கு அதுதான் நடந்துதா என்று இப்ப யாராலும் சொல்ல முடியாது. இருக்கிறவங்களைப் பத்திச் சொல்லுங்க. உங்க வீட்டுல வேற யாராவது அந்தக் குளிசை போடுறாங்களா?"

இல்லை என்றேன். அன்றைக்கு அது உண்மை.

வீட்டுக்கு வந்து உங்கள் ஈ.சீ.ஜீ.யைப் பார்க்கலாம் என்று கொப்பியை விரித்தேன். அலுமாரித் தட்டின் வெக்கையில் கிடந்த கடதாசி. ஒரு நுனியில் கோடுகள் கறுப்பாக இருந்தன. போகப் போக வெளிறி, மறு நுனியில் ஒன்றுமே இல்லை. வெறும் கட்டங்கள். அடுத்த நாளும் பார்த்தேன். இன்னும் ஒரு துடிப்பு போயிருந்தது. வெக்கை பட்டால் அந்தக் கடதாசி அப்படித்தான் வெளிறும் என்று பிறகு அறிந்துகொண்டேன். ஆனால் அந்த நேரத்தில், நீங்கள் ஒவ்வொரு துடிப்பாகத் திருப்பி எடுத்துக்கொண்டு போகிறீர்கள் என்றுதான் நினைத்தேன்.

இனி எழுதப் போவதுதான் எழுத வந்தது.

எட்டு நாட்களுக்கு முன்பு, பெரியும்மா பெருநாளுக்குப் பிறகு பிடிக்கும் ஷவ்வால் ஆறு நோன்பைத் தொடங்கினார். எழுபத்திரண்டு வயது. முழங்கால் இரண்டும் வீக்கம், பிரஷருக்குச் சலக் குளிசை. யார் சொல்லிக் கேட்பார்? உங்கள் ராத்தாதானே. முதல் நோன்பு அன்று, நோன்பு திறந்து மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு நான் உங்கள் அறைக்குள் போனேன். அலுமாரிக் கதவு திறந்திருந்தது. பெரியும்மா கண்ணாடியைப் போட்டு, என் சிவப்புக் கட்டங்களில் விரலை வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். மற்றக் கையில் உங்கள் குளிசைகள் இரண்டு.

"பெரியும்மா, அது மாமாட."

"தெரியும்டி. தம்பிக்கு நல்லாக் கேட்ட குளிசை எண்டு உன்ர உம்மாதான் எடுத்துத் தந்தவ. ஒரே உம்மாட பால் குடிச்ச உடம்பு, எனக்குக் கேக்காதா? நீயும் எவ்வளவு வடிவா எழுதி ஒட்டியிருக்கிறாய். எனக்கு ஒருத்தரையும் கேக்கவே தேவையில்லை."

அன்றிரவே உம்மாவிடம் போனேன். இன்னொருவரின் குளிசை போடக்கூடாது, அது நெஞ்சுக்குக் கூடாது என்றேன். உம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார். "ரெண்டு வருசம் உன்ர மாமா போட்டவர். அவருக்கு என்ன செய்தது?"

மாமா, அந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் இருக்கிறது. அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். ஈ.சீ.ஜீ. எடுக்கச் சொன்னதை நான் மறைத்தது. குழாயடியில் நீங்கள் விழுந்ததை மறைத்தது. மதியக் குளிசையை இரவில் சேர்த்தது. உம்மாவுக்கு உங்களைப் பற்றி மிஞ்சியிருக்கும் ஆறுதல் அந்த ஒரு வசனம்தான், நோன்போடு போனவர் என்பது. அதை நான் என் வாயால் எடுத்துவிட வேண்டும். நான் என் அறைக்கு வந்துவிட்டேன். அடுத்த நாள் நேரசூசியைக் கிழிக்கப் போனேன். உம்மா பின்னால் வந்து என் கையைப் பிடித்தார். "கிழிக்காத. காக்காக்கு நீ செய்த நன்மை. இருக்கட்டும்." அழுதார். ஒரு தரம் உறையை ஒளித்தும் பார்த்தேன். பெரியும்மா நோவில் முனகுவதைக் கேட்டு உம்மா வீடு முழுக்கத் தேடினார். என்னாலும் அந்த முனகலைக் கேட்க முடியவில்லை. தேடி எடுத்தது மாதிரி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆம், நானே.

மூன்று நோன்பு முடிந்துவிட்டது. நேற்று மாலை பெரியும்மா கஞ்சி குடித்து, குளிசை போட்டு, கதிரையில் சாய்ந்திருந்தார். நான் பக்கத்தில் படித்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடியபடியே சொன்னார், "நெஞ்சுக்குள்ள ஆரோ நடக்கிறான் புள்ள. நடந்து நடந்து நிக்கிறான். பிறகு ஓடுறான்."

குழாயடியில் நீங்கள் அதைச் சொன்னபோது நாம் இரண்டு பேர்தான் இருந்தோம். நான் யாருக்கும் சொல்லவில்லை. அதே சொற்கள், அதே இழுவை. முகம்கூட உங்கள் முகம்தான், தலையில் தட்டத் துணி போட்ட உங்கள் முகம். நீங்கள்தான் வந்து, அவர் வாயால் எனக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். இன்றைக்குப் பகல் முழுக்க அப்படியே நினைத்துக்கொண்டு திரிந்தேன். வகுப்பில் டீச்சர் கூப்பிட்டது கேட்கவில்லை.

இப்போது எழுதும்போது வேறு ஒன்று தோன்றுகிறது, அது இதைவிடப் பயமாக இருக்கிறது. நீங்கள் வரவில்லை. மௌத்தானவர்கள் வந்து சொல்லித் தருவதில்லை. அதே குளிசை, அதே பசி, அதே கட்டங்கள். அவை யாருடைய நெஞ்சுக்குள் போனாலும் அதே நடையைத்தான் நடக்கும். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் அதை ஒரே சொல்லால்தான் சொல்வார்கள். பேய் என்றால் ஓதி ஊதலாம். இது என் கையெழுத்து.

நாளைக்கு நாலாவது நோன்பு. நாலு மணிக்குச் சஹர். பெரியும்மா எழும்பி, அலுமாரிக் கதவைத் திறந்து, கண்ணாடியைப் போட்டு, என் எழுத்தில் விரலை வைப்பார். காலையில் எப்படியும் உம்மாவிடம் சொல்லிவிடுவேன் என்று உங்களிடம் சத்தியம் செய்யத்தான் இதை எழுதத் தொடங்கினேன். காலை என்று எழுதிய உடனே தெரிந்துவிட்டது. இரண்டு இரவு உங்களுக்கும் அதைத்தான் சொன்னேன். என்னுடைய காலை எப்போதும் சஹருக்குப் பிறகுதான் வருகிறது.

நான் உங்களைக் கொன்றேனா மாமா? டொக்டர் சொல்ல முடியாது என்றார். நீங்களும் சொல்லமாட்டீர்கள். அது எனக்குத் தெரியாமலே நான் பெரியவளாகி, கிழவியாகிப் போக வேண்டும் போல. அதைச் சுமக்கிறேன். இப்போது யாரைக் கண்டாலும் முகத்தைப் பார்க்குமுன் மணிக்கட்டைப் பார்க்கிறேன். உம்மா தேத்தண்ணி தரும்போது தற்செயலாகப் படுவது மாதிரி விரலை வைத்து மூன்று வரை எண்ணிவிடுகிறேன். நாலாவது வந்ததும்தான் கோப்பையை வாங்குகிறேன். இதுவும் உங்களிடமிருந்து வந்ததுதான், இனிப் போகாது. இருக்கட்டும்.

உம்மா என்னை அடிக்கட்டும். ஊர் முழுக்கத் தெரியட்டும். மருந்து கொடுத்த கை என்று தடவினவர்கள் வேறு மாதிரிச் சொல்லட்டும். இந்தப் பந்தி முடிந்ததும் எழும்பிப் போய் உம்மாவை எழுப்பப் போகிறேன். முதலில் குழாயடியில் நீங்கள் விழுந்ததைச் சொல்வேன். அதைச் சொல்லிவிட்டால் மற்றது தானாக வரும். விடிந்ததும் பெரியும்மாவை ஆட்டோவில் ஏற்றி அந்த டொக்டரிடம் கொண்டுபோக வேண்டும், ஈ.சீ.ஜீ. எடுக்க வேண்டும், முழங்கால் நோவுக்கும் வேறு ஏதாவது கேட்க வேண்டும். அவர் நோவோடு கிடக்கவும் கூடாது.

கட்டில் மறுபடி கிறீச்சிடுகிறது. செருப்பில்லாத கால். இழுத்து இழுத்து வருகிறது. நிற்கிறது. மறுபடி வருகிறது.

கதவு தட்டுகிறது மாமா. மெதுவாக, இரண்டு தரம். பெரியும்மாவின் குரல்தான்.

"புள்ள, முழிப்பா? வெளிச்சம் தெரிஞ்சுது. எனக்கு என்னமோ செய்யுது, மகள். உம்மாவை எழுப்பாத, நீ மட்டும் ஒருக்கா வந்து என்ர கையைப் பிடிச்சு—"

வாறன் பெரியும்மா. உம்மாவையும் எழுப்பிக்கொண்டுதான் வாற—